நான்கு பக்கத்தில் ஓர் எல்லையூர்

ஏ3 தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம். கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூருக்கு அருகே ஒரு கல்லூரியில் மாதம் ஒரு முறை, கறுப்பு மையில் மட்டும் அச்சாகி வந்த மாணவர் செய்தித்தாளுக்குப் பல ஆண்டுகள் பொறுப்பாசிரியராக இருந்தேன். வகுப்பில் நான் நடத்தியது தமிழ். வகுப்பு முடிந்த பிறகு, நூலகத்தை ஒட்டிய சின்ன அறையில், செய்தியை எப்படிச் சேகரிப்பது, எப்படி உறுதிசெய்வது, எப்படிப் பக்கத்தில் அடக்குவது என்று மாணவர்களோடு சேர்ந்து நானும் கற்றுக்கொண்டேன். அந்த வேலையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் கல்லூரிகளில் மாணவர் இதழ் என்றால் பெரும்பாலும் ஆண்டு மலர்தான். தாளாளர் வாழ்த்து, முதல்வர் வாழ்த்து, விளையாட்டு விழாப் படங்கள், அம்மாவைப் பற்றிச் சில கவிதைகள். அதுவும் வேண்டியதுதான். பிள்ளையின் பெயர் அச்சில் வந்ததை வீட்டில் பத்திரமாக வைத்திருப்பார்கள். ஆனால் அது செய்தித்தாள் ஆகாது. காலை எட்டு மணி பஸ் ஏன் வரவில்லை, உதவித்தொகை ஏன் கணக்கில் ஏறவில்லை, தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குப் போன பையனுக்கு மாதம் என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரித்து, சொன்னவர் பெயரோடு அச்சிடுவதுதான் மாணவர் பத்திரிகையின் வேலை. படிக்கிற வயதில் இதைச் செய்து பழகியவர்கள் பிறகு எந்த வேலைக்குப் போனாலும் வாய்க்கு வந்ததை நம்ப மாட்டார்கள். பல ஆண்டு பார்த்துச் சொல்கிறேன்.

முதலாண்டு மாணவர்கள் குழுவில் சேர்ந்ததும் நான் முதலில் சொல்வது திருவாரூர்க் கதை. மு. கருணாநிதி பள்ளி மாணவராக இருந்தபோது, 1941இல், ‘மாணவநேசன்’ என்ற கையெழுத்துப் பத்திரிகையை நடத்தினார். அடுத்த ஆண்டே, 1942 ஆகஸ்ட் 10இல், துண்டறிக்கையாக ‘முரசொலி’ வந்தது. அடுத்ததாக எங்கள் ஊர்க் கதை. ஓசூருக்குப் பக்கத்தில் இருக்கும் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1929இல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காக ‘விமோசனம்’ நடத்தினார். கல்கி அதில் அவருக்குத் துணையாக இருந்தார். சென்னை அடையாற்றில் 1920இல் அன்னி பெசன்ட் நடத்திய தேசியப் பல்கலைக்கழகத்தில் இதழியல் பாடம் இருந்ததையும், அவருடைய ‘நியூ இந்தியா’ நாளிதழில் மாணவர்கள் பயிற்சி பெற்றதையும் சேர்த்துச் சொல்வேன். 1980களிலிருந்து ஆனந்த விகடன் நிறுவனம் நடத்தும் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் பற்றி அவர்களுக்கே தெரிந்திருக்கும். எங்கள் குழுவில் ஆர்வமுள்ளவர்கள் அதற்கு விண்ணப்பம் போடுவது வழக்கம். பணம் இருந்தால்தான் பத்திரிகை நடத்த முடியும் என்ற எண்ணத்தை முதல் நாளிலேயே எடுத்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும்.

இனி ஊரைச் சொல்ல வேண்டும். சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு ஓசூர் மாறிய வேகத்தை நேரில் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1980இல் டிவிஎஸ் 50 மொபட் இங்கிருந்துதான் சாலைக்கு வந்தது. அசோக் லேலண்ட் ஆலையும் அதே ஆண்டில் வந்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டன் கடிகாரம். பழைய தர்மபுரி மாவட்டத்திலிருந்து 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019இல் ஓசூர் மாநகராட்சியானது. எங்கள் மாணவர்களின் தந்தையரில் ஒரு பகுதியினர் ஷிஃப்ட் வேலைக்காரர்கள், இன்னொரு பகுதியினர் ரோஜாவும் தக்காளியும் போடும் விவசாயிகள். தேன்கனிக்கோட்டை, தளி, கெலமங்கலம், சூளகிரி, பாகலூர் என்று நாலாபுறமிருந்தும் வருவார்கள். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், வகுப்பில் தமிழ் என்பது இங்கே சாதாரணம். உருது பேசும் வீடுகளும் நிறைய. 2006ஆம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டத்துக்கு முன்பு பத்தாம் வகுப்பு வரை தெலுங்கிலோ கன்னடத்திலோ படித்துவிட்டு வந்தவர்களும் எங்கள் குழுவில் இருந்திருக்கிறார்கள். அவர்கள் எழுதிய தமிழில் றகரம் ரகரமாக இருக்கும், ஒற்று விடுபட்டிருக்கும். அதைத் திருத்திவிடலாம். ஆனால் சந்தையிலும் லாரி ஷெட்டிலும் ஆளுக்கு ஏற்ற மொழியில் பேசிச் செய்தி வாங்கி வரும் திறமையை எந்த வகுப்பிலும் கற்றுத்தர முடியாது.

இந்த ஊரைப் பற்றி நாளிதழ்களில் வருவது மாவட்டப் பக்கத்தின் ஒரு மூலை. விபத்து, யானை, அமைச்சர் வருகை. பதினெட்டு வயதுப் பெண் காலையில் வீட்டிலிருந்து கிளம்பிக் கல்லூரிக்கு வந்து சேருவதற்குள் என்னென்ன நடக்கிறது என்பது அந்த மூலைக்குள் வராது. அதை எழுதத்தான் எங்கள் நான்கு பக்கம்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை கூட்டம். ஆளுக்கொரு பொறுப்பு. ஒருவருக்குப் பஸ், ஒருவருக்கு விடுதியும் கேன்டீனும், ஒருவருக்கு உதவித்தொகை, ஒருவருக்கு சிப்காட். தெரிந்துகொண்டதைச் செய்தி நோட்டில் எழுத வேண்டும். நோட்டில் மூன்று கட்டம் போட்டிருப்போம். யார் சொன்னது, எப்போது சொன்னது, வேறு யார் உறுதிசெய்தது. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் அந்தச் செய்தி பக்கத்துக்கு வராது. எவ்வளவு சுவையான செய்தியானாலும் சரி. இந்த ஒரு விதியில் மட்டும் யாருக்கும் விலக்கு கிடையாது, எனக்கும்தான்.

பிறகு டம்மி. வெற்று ஏ3 தாளில் பென்சிலால் நான்கு காலம் கோடு போட்டு, எந்தச் செய்தி எங்கே, படம் எவ்வளவு, பாக்ஸ் எங்கே என்று குறிப்பது. கணினியில் நேரடியாகப் பக்கம் கட்டிவிடலாமே என்று ஒவ்வொரு புது அணியும் கேட்கும். கூடாது என்பேன். பென்சில் டம்மியைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து, இந்தச் செய்தி முதல் பக்கத்துக்குத் தகுமா என்று வாதாட முடியும். கணினித் திரைக்கு முன்னால் ஒருவர்தான் உட்கார முடியும், அவர் முடிவுதான் பக்கமாகும்.

அச்சகம் ஊருக்குள் இருந்த ஒரு சின்ன மினி ஆஃப்செட். பிள்ளைகள் செல்போனில் யூனிகோடில் அடித்து அனுப்புவார்கள். அங்கே இருந்ததோ பேஜ்மேக்கர், பாமினி வகைப் பழைய ஃபாண்ட். மாற்றிப் போடும்போது கொம்பு இடம் மாறும், ஜூ, ஷ, ஸ்ரீ எல்லாம் சில நேரம் கட்டமாகிவிடும். ஜூஜூவாடி என்ற ஊரை வைத்துக்கொண்டு அந்த ஃபாண்டோடு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. திருத்தி முடித்து, டிரேசிங் தாளில் லேசர் பிரின்ட் எடுத்து, அதை பிளேட்டின் மேல் வைத்து ஒளி காட்டி, கழுவி, மெஷினில் ஏற்றுவார்கள். முதல் பத்துப் பதினைந்து தாள் வீணாகும். மையும் தண்ணீரும் சரியான அளவுக்கு வரும் வரை எழுத்து ஒன்று மங்கும் அல்லது ஈஷும். மெஷின்காரர் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு திருகைக் கால் சுற்று திருப்புவார். “இப்பப் பாரு தம்பி” என்று நீட்டும்போது எழுத்து கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கும். ஒவ்வொரு புது அணியையும் ஒரு முறையாவது அங்கே அழைத்துப் போய் நிற்க வைத்தேன். மெஷின் ஓடத் தொடங்கிவிட்டால் பிழையைத் திருப்பி எடுக்க முடியாது என்பதை அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றால்தான் உணர முடியும்.

அதனால்தான் மெய்ப்புப் பார்ப்பதில் கண்டிப்பு. இருவர் உட்கார வேண்டும். ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க, மற்றவர் பென்சிலோடு புரூஃபைப் பார்க்க வேண்டும். பெயர் வந்தால் எழுத்தெழுத்தாக, தலைப்பெழுத்தோடு. எண் வந்தால் ஒவ்வோர் இலக்கமாக. ஒரு தொழிலாளியின் பெயரைத் தப்பாகப் போட்டுவிட்டு அவர் துயரத்தைச் சரியாக எழுதினோம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

2016 செப்டம்பர் இதழைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த மாதம் 5ஆம் தேதி, தமிழகத்துக்கு விநாடிக்கு 15,000 கன அடி வீதம் பத்து நாள் காவிரி நீர் விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்கு உத்தரவிட்டது. 12ஆம் தேதி அந்த அளவு 12,000 கன அடியாக மாற்றப்பட்டது. அன்றைக்கே பெங்களூரு எரிந்தது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்களும் லாரிகளும் கொளுத்தப்பட்டன. நகரின் ஒரு பகுதியில் ஊரடங்கு. இரு மாநிலத்துக்கும் இடையே பஸ் நின்றது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஜூஜூவாடியில் இறங்கி, மூட்டை முடிச்சோடு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மக்கள் அந்தப் பக்கம் அத்திப்பள்ளி வரை நடந்தார்கள். அங்கிருந்து இங்கும் அப்படியே.

எங்கள் வகுப்புகளில் பாதி நாற்காலி காலி. செல்போனில் வந்ததெல்லாம் வதந்தி. அந்த ஊரில் இத்தனை பேரை அடித்தார்கள், இந்தத் தெருவில் கடையை உடைத்தார்கள் என்று பழைய படங்களோடு வந்துகொண்டே இருந்தது. குழுவைக் கூட்டி ஒன்றே ஒன்று சொன்னேன். நம் ஆள் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டுமே இந்த இதழில் வரும். மற்றதை அச்சிட நாளிதழ்கள் இருக்கின்றன.

பாகலூர் பக்கத்திலிருந்து வந்த இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி. வீட்டில் தெலுங்கு, கன்னடமும் சரளம். தந்தையோடு போய் எல்லைச் சாலையில் நின்று நடந்து வந்தவர்களிடம் பேசினாள். இந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட கர்நாடக லாரி ஓட்டுநர் ஒருவர் தமிழில் கேட்டபோது ஒன்றும் சொல்லவில்லை. கன்னடத்தில் “ஊட்ட ஆய்த்தா அண்ணா?” (சாப்பாடு ஆச்சா அண்ணா?) என்று கேட்டதும் உட்கார்ந்து பேசத் தொடங்கிவிட்டார். தக்காளி அழுகிவிடும் என்று பயம், வீட்டில் மனைவி அழுகிறாள் என்று கவலை, பக்கத்து டீக்கடைக்காரர் தமிழர், காசு வாங்காமல் சாப்பாடு போடுகிறார் என்று ஒரு செய்தி. டீக்கடைக்காரரிடமும் கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் அவள் திரும்பினாள். மூன்றாவது கட்டம் நிரம்பியிருந்தது.

தலைப்பு வைக்கும்போது வாதம். “பற்றி எரியும் எல்லை” என்று ஒரு பையன் பெரிய எழுத்தில் டம்மியில் எழுதிவிட்டான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “எரிஞ்சது பெங்களூர்ல சார். இங்க எதுவும் எரியலையே. நான் நாள் முழுக்க அங்கதான் நின்னேன்” என்றாள். அறையில் யாரும் பேசவில்லை. கடைசியில் போன தலைப்பு “ஜூஜூவாடியில் இறங்கி நடக்கும் பயணிகள்”. நான் பொறுப்பில் இருந்த காலத்தில் வந்த தலைப்புகளில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். கன்னடம் பேசும் வீட்டுப் பிள்ளைகளும் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அந்த இதழைப் படித்தார்கள். எரிகிற தலைப்பு வந்திருந்தால் அந்த பெஞ்சில் அன்றைக்கு யார் உட்கார்ந்திருப்பார்கள்?

எல்லை என்பது கலவர நாளில் மட்டும் வருவதல்ல. 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய். நல்ல திட்டம், எங்கள் பக்கத்துப் பெண்கள் பலரின் பஸ் செலவும் நோட்டுச் செலவும் அதில் போயிற்று. ஆனால் அப்பாவின் வேலைக்காக ஆனேக்கல் பக்கம் சில ஆண்டு குடியிருந்து, அங்கே கர்நாடக அரசுப் பள்ளியில் படித்துவிட்டுத் திரும்பிய பெண்ணுக்கு அது கிடையாது. அதேபோல, தமிழ்நாட்டில் 2021இலிருந்து நகரப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கர்நாடகத்தில் 2023 ஜூனில் சக்தி திட்டம் வந்தது, ஆனால் அது கர்நாடகத்தில் வசிக்கும் பெண்களுக்கு. ஓசூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பகுதிநேர வேலைக்குப் போகும் மாணவி எல்லை வரை இலவசம், எல்லை தாண்டினால் டிக்கெட். சென்னையில் இருந்தோ பெங்களூரில் இருந்தோ பார்த்தால் இவை கண்ணில் படாது. ஒரே அறையில் இருக்கும் இரண்டு பெண்களில் ஒருத்திக்குப் பணம் வந்து மற்றவளுக்கு வராதபோதுதான் தெரியும். உதவித்தொகைப் பொறுப்பில் இருந்த மாணவி எழுதியது இதைத்தான், விதியின் வாசகத்தையும் சேர்த்து.

சிப்காட் செய்திதான் எப்போதும் கடினம். தொழிற்சாலை வாசலில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தெரிந்தால் வேலை போகும் என்ற பயம் நியாயமானது. அதனால் பிள்ளைகளுக்குச் சட்டப் புத்தகத்தைக் காட்டினேன். பயிற்சியாளர் சட்டம் 1961, ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970. சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் எழுது, பிறகு ஆள் என்ன சொல்கிறார் என்று எழுது, பெயர் வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்பதையும் எழுது. பெயரில்லாமல் யாரையும் குற்றம் சாட்டும் வரி மட்டும் வராது.

தகவல் உரிமைச் சட்டம் எங்களுக்குப் பெரிய துணை. 2005இல் வந்தது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில் வர வேண்டும். ஒரு கிராம வழித்தடத்தில் காலை நேரத் தனியார் பஸ் ஓடுவதே இல்லை என்று புகார். டிரைவரிடம் கேட்டால் அப்படி ஒரு நடையே கிடையாது என்றார். அந்த வழித்தடத்துக்கு அனுமதித்த நேரப் பட்டியலைக் கேட்டு ஒரு மாணவன் மனுப் போட்டான். பதிலில் காலை நடை தெளிவாக இருந்தது. பட்டியலின் அந்த வரியையும், அதே நேரத்தில் வெறிச்சோடிக் கிடந்த நிறுத்தத்தின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். கருத்து ஒரு வரிகூட எழுதவில்லை. பஸ் வந்தது. சில மாதம் கழித்து மறுபடி நின்றது. மறுபடி எழுதினோம்.

நிர்வாகத்தோடு உரசல் வராமல் மாணவர் பத்திரிகை நடத்த முடியாது. விடுதித் தண்ணீர் பற்றிய செய்தியை எடுத்துவிடும்படி ஒருமுறை சொன்னார்கள். எடுக்க மாட்டேன் என்று நான் வீரம் பேசவில்லை. வார்டன் தரப்பு விளக்கத்தை அதே அளவு இடத்தில் போடுகிறோம், எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். விளக்கம் வந்தது, இரண்டும் அச்சாயின. அது தோற்காத வழி என்று சொல்ல வரவில்லை. சில முறை இடம் கொடுத்தும் செய்தி நின்றுபோயிருக்கிறது. அது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

அப்போதெல்லாம் பிள்ளைகளுக்கு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு டெய்லியைப் பற்றிச் சொல்வேன். 1892இலிருந்து வரும் மாணவர் நாளிதழ். 1971இல் ஒரு போராட்டப் படத்தைத் தேடி அந்தப் பத்திரிகை அறைக்குள் போலீஸ் நுழைந்து சோதனை போட்டது. மாணவர்கள் வழக்குப் போட்டு, 1978இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். ஆனால் அந்தத் தோல்விதான் 1980இல் செய்தி அறைகளைக் காக்கும் சட்டத்துக்கு வழி வகுத்தது. அதே தாளில் 2022இல் தியோ பேக்கர் என்ற முதலாண்டு மாணவர் பல்கலைக்கழகத் தலைவர் மார்க் டெசியர் லவீனின் ஆய்வுக் கட்டுரைகளில் இருந்த படங்களைப் பற்றிய கேள்விகளை எழுதத் தொடங்கினார். விசாரணை நடந்தது. 2023 ஜூலையில் தலைவர் பதவி விலகுவதாக அறிவித்தார். அங்கே பணமும் வழக்கறிஞர்களும் உண்டு, இங்கே இல்லை என்று மாணவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த மாணவரின் கையில் இருந்த முதல் ஆயுதம் ஆவணத்தைக் கவனமாகப் படிப்பது. அதற்குப் பணம் வேண்டாம்.

சட்டம் பற்றி ஒரு குறிப்பு, இதைத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்களுக்காக. அச்சு, பத்திரிகைப் பதிவுக்கு இருந்த 1867ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2023இல் நிறைவேறிய புதிய சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கல்லூரிக்குள் மட்டும் போகும் தாளில் “தனிச்சுற்றுக்கு மட்டும்” என்று போடுவது நம் சிற்றிதழ் மரபு. அதற்காக அவதூறுச் சட்டத்திலிருந்து விலக்குக் கிடைத்துவிடாது. பொறுப்பாசிரியர் இதை முதலிலேயே மாணவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் ஏப்ரல். மூன்றாமாண்டு முடிந்ததும் ஆசிரியர் குழு முழுவதும் கிளம்பிவிடும். ஜூனில் அறை காலி. தமிழ்நாட்டில் எத்தனையோ நல்ல மாணவர் இதழ்கள் இப்படித்தான் இரண்டாவது ஜூனைத் தாண்டாமல் நின்றன. எங்கள் தாள் நின்றுபோகாமல் இருந்ததற்குக் காரணம் ஒரு நீள நோட்டு. யாரை எந்த நேரத்தில் போனில் பிடிக்கலாம், எந்த அலுவலகத்தில் எந்த மேசையில் எந்தத் தகவல், எந்த அதிகாரியின் பெயரில் எத்தனை ‘ன்’, எந்தச் செய்தி பாதியில் நிற்கிறது, யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்று போகிறவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும். எழுதாமல் போனவருக்குப் பிரிவுபசார டீ கிடையாது. கடைசிப் பக்கத்தில் “முடியாத செய்திகள்” என்று ஒரு பட்டியல். புது அணி அந்தப் பட்டியலிலிருந்துதான் வேலையைத் தொடங்கும். ஒரு கிராமத்துப் பஸ் பற்றி மூன்று தலைமுறை மாணவர்கள் விடாமல் எழுதியது அந்தப் பட்டியலால்தான்.

நோட்டு இருக்கிறது. தாள்தான் இல்லை. தொடக்க காலச் சுவர்ப் பத்திரிகைகள் மழையில் போயின. அச்சான இதழ்களில் பலவற்றுக்கு ஒரு பிரதிகூடக் கல்லூரியில் கிடையாது. கன்னிமாரா போன்ற நூலகங்களுக்கு நூல்களையும் பத்திரிகைகளையும் அனுப்ப வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும், தனிச்சுற்றுத் தாளை யாரும் அனுப்புவதில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் கைப்பணத்தில் சேர்த்து வைத்ததால்தான் எத்தனையோ சிறு வெளியீடுகள் இன்று சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் நமக்குப் படிக்கக் கிடைக்கின்றன. ஓசூரில் ஒரு காலத்தில் பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள், எதற்குக் காத்திருந்தார்கள், எல்லையில் என்ன பார்த்தார்கள் என்று ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் தேடினால், அவருக்கு நாம் கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும்.

ஓசூர், கிருஷ்ணகிரி, பர்கூர், தேன்கனிக்கோட்டை வட்டாரக் கல்லூரிகளில் படித்தவர்கள், படிப்பவர்கள் யாராக இருந்தாலும் ஒரு வேண்டுகோள். உங்கள் கல்லூரி மாணவர் இதழோ, சுவர்ப் பத்திரிகையின் படமோ, ஒரு பக்கத் துண்டறிக்கையோ வீட்டுப் பரணில் இருந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். தேதியையும் எழுதியவர் பெயரையும் பென்சிலால் ஓரத்தில் குறித்து, ஸ்கேன் எடுத்துக்கொண்டு, மூலப் பிரதியை உங்கள் கல்லூரி நூலகரிடம் கொடுத்து, பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.